பிச்சம்?

முதல் பாடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள்.
குவைத்தில் விலை கேட்க
'பிச்சம்?' என்றால் போதும் என்பேன்.
பிச்சையா லாத்தா, என்பார் ஒருவர்.
மிச்சமா, என்பார் இன்னொருவர்.
இரண்டும் இல்லை. எவ்வளவு என்று அர்த்தம்.
கூசாமல் கேளுங்கள்.

ஃபர்வானியாவில் நாலாவது மாடி.
பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின்
அலமாரிக்குள் தலையை விட்டு
தொங்கும் அபாயாக்களுக்கு நடுவே
குரல் பதிகிறேன். எதிரொலி வராது.
முப்பது பாடம். தமிழ் வழியே அரபி.
வாட்ஸ்அப்பில் போகும்,
சமையற்கட்டுக்கும் கேம்ப் கட்டிலுக்கும்.

பிப்ரவரியில் என் கொழுந்தன் ஜவாது
விளம்பரம் செய்து தந்தான்.
இருபது தினார் என்று எழுதி, குறுக்கே சிவப்புக் கோடு.
பக்கத்தில் ஆறு.
ஒருநாளும் நான் இருபதுக்கு விற்றதில்லையே என்றேன்.
அதான் அடிச்சாச்சே, என்றான்.
கீழே ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது:
இன்று இரவு பன்னிரண்டோடு சரி.
பன்னிரண்டு அடித்ததும்
தானாகவே மறுபடி தொடங்கும்.
அந்தச் சாமர்த்தியத்தை நானும் ரசித்தேன்,
அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஆறு தினார் வந்து விழுந்தது.
ஸ்டெல்லா புஷ்பம், ஜாப்ரியாவில் வீட்டுவேலை.
கைப்பேசி அவள் கைக்கு வருவது
இரவில் ஒரு மணி நேரம்.
மூன்றாம் நாள் கேட்டாள்:
'அக்கா, வெல இன்னும் ஆறுன்னே நிக்குது,
என் போன்ல கோளாறா?'

அன்றிரவு பக்கத்து வீட்டு டிரைவர்
தன் கார்டிலிருந்து கட்டியிருக்கிறார்,
சம்பளத்தன்று எட்டாகத் தருகிறேன் என்ற பேச்சில்.

வட்டிக்காசு நுழையாத வீடு என்று
பீற்றிக்கொள்ளும் வீடு எங்களுடையது.
அந்த ஆறு, காலாட்டிக்கொண்டு
என் கணக்கில் உட்கார்ந்திருந்தது.

டிரைவருக்கு எட்டாகவே திருப்பினேன்.
போனில் கோளாறு இல்லை என்று
அவளுக்கு எழுத இரண்டு நாள் ஆயிற்று.
அவள் ஒரே வரி அனுப்பினாள்:
பாடத்த நிறுத்திராதீங்க.

கடிகாரத்தை எடுத்தேன். கோட்டையும்.
இந்தமுறை நானே எழுதினேன், எழுத்துப்பிழையோடு:

பாடம் ஒன்றேதான். விலை மூன்று.
மூன்று தினார் கொடுத்தால் என் செலவுக்குச் சரி.
ஆறு கொடுத்தால் இன்னொருவரும் படிப்பார்.
கை இறுக்கமா, ஒன்று போதும்.
சம்பளம் கேட்க மாட்டேன், சிவில் ஐடி வேண்டாம்.
கடைசி நாள் கிடையாது. அவசரமில்லை,
யோசித்துவிட்டு வாருங்கள்.
சம்பளம், பாஸ்போர்ட், வலி, ஆஸ்பத்திரி
இந்தச் சொற்கள் வருகிற பாடத்துக்குக் காசே வேண்டாம்.

ஜவாது படித்துவிட்டுத் தலையில் கைவைத்தான்.
'எல்லாவனும் ஒண்ணத்தான் அமுக்குவான், மதினி.'

பாதிக்குமேல் அமுக்கத்தான் செய்தார்கள்.
அதில் ஒருவர் சால்மியாவில்
பெரிய கார் வைத்திருப்பதாகத் துப்பறிந்து வந்தான்.
இருக்கட்டும்.
கார் அவருடையதா, பேங்குடையதா,
நான் எங்கே கண்டேன்.

ஏப்ரல் கணக்கு பார்த்தேன்.
பிப்ரவரியைவிடப் பதினான்கு தினார் குறைவு.
பெருமையாகச் சொல்லவில்லை, குறைவு.
புது மைக் தள்ளிப்போனது.

நேற்று தங்கப்பழம் ஏழு அனுப்பியிருந்தார்.
பட்டியலில் ஏழே கிடையாது.
அஹ்மதி பக்கம் கிரேன் ஓட்டுகிறவர்.
கூடவே ஒரு குரல்செய்தி,
முக்கால்வாசி காற்று, மீதிதான் அவர்:
'அக்கா, பன்னெண்டாம் பாடத்துல
ஏசி ரொம்ப இரையுது.
மைக்கு பிச்சம்?'